பதில் வரும்வரை தங்கலாம்

சமயப் பணிகளுக்கென வழங்கப்பட்ட பொதுக் கட்டடம் ஒன்றில், எழுத்துமூல அனுமதி இல்லாமல் எவரும் இரவு தங்குதல், உணவு சமைத்தல், ஆடை உலர்த்துதல் ஆகாது. அப்படி எவரேனும் காணப்பட்டால், பொறுப்பான உத்தியோகத்தர் அவரை உடனே வெளியேற்றி, வெளியேற்றிய விபரத்தைக் கோவையில் (கோப்பில்) பதிய வேண்டும்.

இதுதான் விதி. பணியில் இருந்த காலத்தில் இதைப் பிறருக்கு விளக்கிச் சொல்வது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 'ஆடை' என்பதில் கைக்குட்டை அடங்குமா என்று ஒருவர் எழுத்தில் கேட்டார். அடங்கும் என்று நானும் எழுத்தில் பதில் அனுப்பினேன்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் நிலையத்தின் பின்னறைக்குள் நுழைந்தபோது, மூன்று குற்றங்களும் ஒன்றாக என் கண்ணில் பட்டன. மூலையில் சுருட்டி வைத்த ஒரு பாய். மண்ணெண்ணெய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி. ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் இடையே கட்டிய கயிற்றில் ஒரு நீலச் சேலை. அதிலிருந்து சவர்க்கார வாசனை வந்தது.

சேலைக்குக் கீழே உட்கார்ந்து கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தவர் புஷ்பராணி. பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க ஐயா. தேத்தண்ணி ஊத்தவா?"

நான் உட்கார்ந்தேன். சீனி குறைந்த சாயத் தேத்தண்ணியைக் குடித்தேன். கோவையில் எதையும் பதியவில்லை.

நான்கு அலுமாரிகள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தில், ஒரு காலத்தில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்த தகரக் கூரைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. தோட்டங்களிலிருந்து நோயாளிகளோடு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி மதிலோரம் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, நான்கு சமயத்தவரும் தனித்தனியே உதவ வந்தார்கள். ஒரே ஏற்றத்தில் நான்கு தேத்தண்ணி வாளிகள் நின்றன. ஒரு பெருமழை நாளில் நான்கு வாளிகளும் இந்தக் கூரையின் கீழே ஒதுங்கின. அப்படித்தான் பல்சமய நிலையம் ஆரம்பமானது. கூட்டம் கூட்டி ஆரம்பித்திருந்தால் இன்னும் அறிக்கைதான் எழுதிக்கொண்டிருப்போம்.

மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம் நான்கு அலுமாரிகள். ஒன்றைத் திறந்தால் புத்தர் சிலை. இன்னொன்றில் முருகன் படமும் குத்துவிளக்கும். மூன்றாவதில் சிலுவையும் மெழுகுதிரிகளும். நான்காவதில் தொழுகை விரிப்புகள். தொழுகிறவர்கள் மேற்கே பார்ப்பார்கள் என்பதால் அந்தப் பக்கச் சுவரில் ஒரு நாட்காட்டி கூட மாட்டுவதில்லை. தங்கள் நேரம் வரும்போது தங்கள் அலுமாரியைத் திறப்பார்கள். முடிந்ததும் பூட்டிவிட்டு, அடுத்தவர்களுக்குக் கேட்கும்படி, "பூட்டியாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கற்பூரமும் மெழுகும் அத்தரும் கலந்த வாசனை மட்டும் எந்த அலுமாரிக்கும் அடங்காமல் கூரைக்குக் கீழேயே நிற்கும்.

நான் புரொட்டஸ்தாந்துக்காரன். எங்களுக்குத் தனி அலுமாரி கிடையாது. கத்தோலிக்கப் பாதரின் அலுமாரியில் கீழ்த்தட்டு எங்களுடையது. பாட்டுப் புத்தகங்களை அங்கேதான் வைத்திருக்கிறோம். கரப்பான் பூச்சி எப்போதும் கீழ்த்தட்டில்தான் ஆரம்பிக்கும் என்பதை இங்கே ஒரு முறைப்பாடாகப் பதிந்துகொள்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு மாதமே என்னைச் செயலாளராக்கினார்கள். "சும்மா வீட்ல இருந்து என்னயத் திருத்துறதுக்கு அங்க போய் அவங்களத் திருத்துங்க" என்றாள் என் மனைவி மேபல். கறி வைக்கும் முறையைப் பற்றி நான் அவளுக்குச் சில யோசனைகள் சொல்லியிருந்தேன். எழுத்தில்.

சந்தனத்தின் கால்

புஷ்பராணியின் கணவர் பெயர் சந்தனம். தோட்டத்தில் நிழல் மரம் வெட்டும்போது கிளை ஒன்று அவர் கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, புண் வேறு சீழ் பிடித்துவிட்டது. கம்பி வைத்து வெளியே சட்டம் பூட்டியிருந்தார்கள். கால் மிஞ்சுமா என்று டாக்டர்கள் வாரத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசினார்கள். சந்தனம் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். காலில்லாமல் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிய மாட்டார்கள், அப்புறம் எதற்குச் சாப்பாடு என்பது அவருடைய வாதம்.

புஷ்பராணி ஊட்டினால் மட்டும் சாப்பிடுவார். அதுவும் திட்டு வாங்கிக்கொண்டே.

"நீ சாப்புடாம செத்துட்டா, நான் என்னாத்துக்கு இந்த ஏத்தத்துல தெனம் ஏறுறேன்? வாயத் தொறய்யா" என்று அவர் அதட்டுவதை வார்ட்டு முழுவதும் ரசித்துக் கேட்கும். அடுத்த கட்டில்காரர்கள் கூடத் தங்கள் பங்குக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதாகத் தாதி சொன்னார்.

தோட்டத்திலிருந்து தினமும் வந்து போக முடியாது. பூனாகலையில் பஸ் பிடித்துப் பண்டாரவளைக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் ஏறிப் பதுளைக்கு வருவதற்குள் பகல் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். மாலைச் சாப்பாட்டுக்கு நின்றால் திரும்பிப் போக பஸ் இருக்காது. ஆகவே எங்கள் பின்னறையில் அவருக்கு ஒரு பாய். அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள். அதிக காலம் இருந்தவர் அவர்தான்.

ஒரு பழைய கையொப்பம்

விதி தெரிந்த நான் ஏன் அன்றைக்குச் சும்மா இருந்தேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நான் புதிதாகப் பதவி உயர்வு பெற்றிருந்த காலம். அது வேறு ஊர், வேறு அலுவலகம். மழைக்கால மாலை ஒன்றில், ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் அலுவலக விறாந்தையில் ஒதுங்கியிருந்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும் ஒரு கிழவரும். அங்கே தங்கப் போகிறார்கள் என்று காவலாளி வந்து சொன்னான். நான் அலுவலகக் கட்டடங்களுக்கான விதியைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. வெளியேற்றுமாறு எழுதிக் கையொப்பமிட்டேன்.

"சரிங்க" என்றாள் அந்தத் தாய். எழுந்து, தாங்கள் இருந்ததால் ஈரமாகியிருந்த இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

'வெளியேற்றப்பட்டனர். இடம் சுத்தமாக உள்ளது' என்று கோவையில் பதிந்தேன். அந்தப் பதிவில் ஒரு பிழையும் கிடையாது. என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் மறுபடி படிக்கப் பிடிக்காத வாக்கியம் அது ஒன்றுதான்.

நலன் விரும்பி

பெட்டிசம் என்னும் புகார் மனு எழுதுகிறவர்கள் எல்லோரும் நலன் விரும்பிகள். இந்த நாட்டில் நலன் விரும்பாத ஒருவர் பெட்டிசம் எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் நிலையத்தைப் பற்றி எழுதியவரும் அப்படித்தான் கையொப்பமிட்டிருந்தார். வழிபாட்டிடத்தில் அந்நியப் பெண்கள் தங்குகிறார்கள், சோறு பொங்குகிறார்கள், இது எந்த மதத்தின் இடம் என்றே தெரியவில்லை என்பது அவருடைய கவலை. அதன் பிரதியோடு ஒரு அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நிலையம் எந்த மதத்தின் பெயரில் பதியப்பட்டுள்ளது என்பதை ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதியப்படவில்லை எனின் இணைத்துள்ள படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அடுத்த மாதம் முதல் எவரும் அங்கே தங்கலாகாது.

படிவத்தில் 'பிரதான மதம்' என்று ஒரு கூடு இருந்தது. ஒரே ஒரு சொல் எழுதத்தான் அதில் இடம்.

புஷ்பராணியிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். மறுநாளிலிருந்து தன் துணிமணிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, வார்ட்டுக்குப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போனார். திடீரென்று யாராவது வந்து பார்த்தால் அங்கே எவரும் தங்கியதற்கான அடையாளம் இருக்கக் கூடாதாம். கயிற்றைக் கூட அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஈரச் சேலை பைக்குள்ளேயே நாறியது.

ஆறு பக்க ஒழுங்குமுறை

எந்த மதத்தின் பெயரில் பதிவது என்று கேட்டால் நான்கு தரப்பும் அடித்துக்கொள்ளும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மூன்று தசாப்தம் மனிதர்களை விண்ணப்பங்கள் வழியாகப் பார்த்தவன் நான். ஆகவே முன்கூட்டியே ஆறு பக்கத்தில் பிணக்குத் தீர்க்கும் ஒழுங்குமுறை ஒன்றைத் தயாரித்தேன். வாக்கெடுப்பு, சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கல், குலுக்கலுக்கு எதிரான மேன்முறையீடு எல்லாம் அதில் இருந்தன.

நான்கு பேருக்கும் ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு உறையும் கொடுத்தேன். நால்வர் என்றால், நாங்கள் ஹாமதுரு என்றே கூப்பிடும் விகாரைப் பிக்கு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைவக் கடை வைத்திருக்கும் கோயில் தர்மகர்த்தா சுப்பையா, மௌலவி, பாதர். அவரவர் தனியாக நிரப்பி, அவரவர் முத்திரையோடு உறையை ஒட்டித் தர வேண்டும். செயலாளர் உறையைத் திறக்கலாகாது. இதுவும் என் ஒழுங்குமுறையின் ஓர் அம்சம்தான்.

நான்கு உறைகளும் மூன்று நாளில் வந்தன. நால்வர் முகத்திலும் ஏதோ திருட்டுத்தனம் செய்தது போன்ற ஒரு சிரிப்பு. சண்டைக்கு ஆயத்தமாகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

"பிரிச்சுப் பாருங்களேன்" என்றாள் மேபல்.

"கூடாது."

"கேத்தல் ஆவியில காட்டுனா தானா பிரியும். மறுபடி ஒட்டிக்கலாம்."

"நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசாங்க உத்தியோகம் பாத்தவன்."

"அப்பன்னா கேத்தல் எதுக்குன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமே."

திறக்கவில்லை. நான்கையும் ஒரு பெரிய உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கௌரி வந்தார்

மாதம் ஒன்று கழிந்து, மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு பிற்பகலில் விசாரணை உத்தியோகத்தர் வந்தார். கௌரி என்று பெயர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நான்கு அலுமாரிகளையும் ஒரு தடவை எண்ணினார். நால்வரையும் முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தேன். ஒரே வாங்குப் பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கள்தானே ஐயா செயலாளர்? உங்களுக்குள்ள என்ன பிரச்சினை எண்டு முதல்ல சொல்லுங்கோ."

"பிரச்சினை ஒன்றும் இல்லையே" என்றேன்.

"அப்ப இது என்ன?" கோவையைத் திறந்து நான்கு படிவங்களையும் மேசையில் பரப்பினார். "பிரதான மதம் எண்ட இடத்தில மௌலவி 'இந்து' எண்டு எழுதியிருக்கிறார். தர்மகர்த்தா 'பௌத்தம்' எண்டு எழுதியிருக்கிறார். ஹாமதுரு 'கத்தோலிக்கம்' எண்டு. பாதர் 'இஸ்லாம்' எண்டு. ஒருத்தரும் தங்கட மதத்தை எழுதேல்லை. என்ர மேலதிகாரி இதைப் பாத்திட்டு, ஆரோ பகிடி விடுறாங்கள், போய் நேரில பாருங்கோ எண்டு அனுப்பினவர்."

என் ஒழுங்குமுறையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

முதலில் மௌலவி தொண்டையைச் செருமினார். "மேடம், இங்க வந்து தங்குறதுல கூடுதலா ஈக்கிறது தோட்டத்து ஆக்கள். அவங்கட பேர்ல ஈந்தாத்தானே சரி?"

"அப்ப நீங்கள்?" என்று கௌரி சுப்பையாவைப் பார்த்தார்.

சுப்பையா சங்கடத்தோடு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பௌத்தம்னு போட்டா ஃபைல் சட்டுன்னு நகரும்னு நெனச்சேங்க."

ஹாமதுரு வாய்விட்டுச் சிரித்தார். அவர் தமிழ் சந்தையில் கற்ற தமிழ். "நகராது முதலாளி. நம்ம பன்சலை விகாரைக்கு மதில் கட்ட நானும் கடுதாசி போட்டது. மதில் இன்னும் வரல்லே."

"நீங்கள் ஏன் கத்தோலிக்கம் எண்டு போட்டனீங்கள், ஹாமதுரு?"

"இந்த இடம் முந்தி முழுக்க எலிப் புழுக்கைதானே. மொதல்ல வந்து கழுவினது யாரு? பாதர் கூட்டிட்டு வந்த சிஸ்டர்மார். கழுவினவங்களுக்குத்தான் சொந்தம்."

பாதர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னத்த எழுதுறது? தண்ணி பள்ளிவாசல்லருந்து குழாய் போட்டுக் குடுத்தது. தண்ணி இல்லாட்டி இங்க ஒரு பிளேன்டீ கூடக் கெடையாது. அதனாலதான் இஸ்லாம்னு எழுதினேன்."

"ஆக, நாலு பேரும் பேசி வைச்சு எழுதேல்லை?"

"பேச ஐயா விடலியே" என்றார் சுப்பையா என்னைக் கை காட்டி. "தனித்தனியா எழுதி ஒட்டித் தரணும்னு சொல்லிட்டாரு. சண்ட போட்டுக்குவோம்னு அவருக்கு ஒரு பயம்."

கௌரி என்னைப் பார்த்தார். எனக்குச் சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

ஆட்சேபனை

"ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை" என்றார் கௌரி. "பொதுவாப் பாவிக்கிற இடத்தைப் பதியிறதெண்டால் மற்ற மதத்தவையிட்ட ஆட்சேபனை இல்லை எண்டு கடிதம் வாங்க வேணும். அதுக்குத்தான் எல்லா இடத்திலயும் மாசக்கணக்கா இழுபடுறது. உங்கட கோவையில ஆட்சேபனை இல்லாதது மட்டுமில்லை, ஆளாளுக்கு மற்றவருக்கு எழுதிக் குடுத்திருக்கினம். நான் இதையே ஆட்சேபனையின்மை எண்டு சிபாரிசு செய்யலாம் எண்டு யோசிக்கிறன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. "ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மதத்துக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் ஆட்சேபனை இல்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையே" என்றேன்.

வாங்கில் இருந்த நால்வரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். அப்படி ஒரு சமய ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயா, நீங்கள் இப்ப ஆரின்ர பக்கம்?" என்று கேட்டார் கௌரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவங்களைத் திருப்பி வைத்தார். "சரி. பின்பக்கத்தில எழுதுங்கோ. மற்ற மூண்டு பேருக்கும் ஆட்சேபனை இல்லை எண்டு. இப்பவே."

மௌலவியின் பேனா வாங்கு நெடுகக் கைமாறியது. ஹாமதுரு சிங்களத்தில் எழுதினார். சுப்பையா அதைப் பார்த்து, "நல்லா நீட்டா எழுதிருக்கீங்க சாமி" என்று பாராட்டிவிட்டுத் தன்னுடையதை எழுதினார்.

அந்த நேரத்தில்தான் புஷ்பராணி படியேறி வந்தார். கையில் சாப்பாட்டு அடுக்கு. தோளில் பை. மேசையில் கோவையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்கோ அக்கா. நீங்கள் இங்க தங்கியிருக்கிறனீங்களோ?"

புஷ்பராணி என்னைப் பார்த்தார். விசாரணையில் பொய் சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதிதான். நான் தலையசைத்தேன்.

"ஆமாங்க. அவருக்கு கால்ல கம்பி வச்சிருக்கு. நான் ஊட்டுனாத்தான் சாப்புடுறாரு. தோட்டத்துலருந்து வந்தா நேரத்துக்கு வந்து சேர முடியாதுங்க." ஒரு மூச்சு விட்டார். "இருக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, இன்னைக்கே போயிடுறேன். சாமான் எல்லாம் பையிலதான் இருக்கு."

கௌரி அந்தப் பையைப் பார்த்தார். பிறகு கோவையில் ஏதோ எழுதினார். எழுதி முடிய நெடுநேரம் ஆனது.

"முடிவெடுக்கிறது நானில்லை அக்கா. மேலே போய், பதில் எழுத்தில வரும். பதில் வருமட்டும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கலாம் எண்டு எழுதியிருக்கிறன்."

"கடுதாசி வந்தா நான் போகணுமாங்க?"

"என்ன கடிதம் வருதெண்டதைப் பொறுத்தது" என்றார் கௌரி. பொய்யான ஆறுதல் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்குப் பிடித்திருந்தது.

தாமதத்தின் அருமை

என் வாழ்நாளில் பாதியைப் பதில் வராத கடிதங்களுக்கு நினைவூட்டல் எழுதுவதிலேயே கழித்திருக்கிறேன். முதலாம் நினைவூட்டல் பணிவாக இருக்கும். இரண்டாவதில் பணிவு குறையும். மூன்றாவதை மேலதிகாரிக்குப் பிரதி போட்டு அனுப்புவோம். இப்போது முதல் தடவையாக ஒரு பதில் வராமல் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

ஒவ்வொரு நாளும் நான் போனதும் புஷ்பராணி கேட்பார். "கடுதாசி வந்துச்சுங்களா?"

"இல்லை."

முகம் மலர்ந்துவிடும். கயிறு மறுபடியும் ஏறியது. சேலை வெளிச்சத்தில் காய்ந்தது. ஆனாலும் பை மட்டும் கட்டியபடியே பாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

சுப்பையாவுக்குத்தான் பொறுமை இல்லை. தனக்குத் தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருப்பதாகவும், போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார். மௌலவி பதறிப்போனார்.

"ஏன் முதலாளி, சும்மா கிடக்கிற ஃபைல எழுப்பப் போறீங்க? ஒங்கட கடையில வட சுடுங்க. அது போதும்."

மார்கழி முழுவதும் மழை. எல்ல ஊர்ப் பக்கம் ரயில் பாதையில் மண் இறங்கியதால் ரயில் இல்லாத நாட்கள் இருந்தன. பின்னறையில் பாய்கள் கூடின. காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்ததை, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒரு காலையில் புஷ்பராணி ஓடிவந்து சொன்னார். செய்தி சொல்ல வந்தவர் எந்த அலுமாரி திறந்திருக்கிறது என்று கூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தது ஹாமதுருவுடையது. அதன் முன்னாலேயே விழுந்து கும்பிட்டுவிட்டு வார்ட்டுக்கு ஓடினார்.

ஆனால் இன்னும் ஒரு சத்திர சிகிச்சை மிச்சம் இருந்தது. பொங்கல் கழிந்த பிறகு கம்பியைக் கழற்றி, பிளேட் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரமாவது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். இந்த நேரத்தில் 'தங்கலாகாது' என்று ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்பது பற்றி எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை.

பதிவுத் தபால்

பொங்கலன்று நிலைய முற்றத்தில் பானை வைத்தோம். ஈர விறகு. மௌலவி ஊதி ஊதிக் கண் சிவந்து போனார். மேபல் எனக்கு இரண்டு தடவை சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். என் வயதில் அது ஒரு கொலை முயற்சி. மறுநாள் பத்து மணிவரை நான் கட்டிலை விட்டு எழவில்லை.

ஆகவே தபால்காரர் ஏறி வந்த நேரத்தில் நிலையத்தில் பொறுப்பான எவரும் இல்லை. சுப்பையா கடைக்கு லீவு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மற்ற மூவரும் அவரவர் வேலையில்.

நான் போய்ச் சேர்ந்தபோது புஷ்பராணி மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பை தோளில் இருந்தது. கையில் நீண்ட பழுப்பு உறை.

"வந்திருச்சுங்க" என்றார்.

"யார் கையெழுத்துப் போட்டது?"

"நான்தாங்க. பொறுப்பான ஆளு இருக்காங்களான்னு தபால்காரரு கேட்டாரு. இல்லாட்டி கொண்டு போயிடுவேன், திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும்னாரு. கொண்டு போகட்டும்னு ஒரு நிமிஷம் நெனச்சேங்க. அதுக்குள்ள அவருக்கு ஆப்ரேசன் முடிஞ்சிருமே."

"பிறகு?"

"நேத்து ஹாலியெலப் பக்கத்துலருந்து ஒரு புள்ள வந்திருக்கு. அம்மாவ வார்ட்டுல வச்சிருக்காங்களாம். அதுவும் காலையில எந்திரிச்சி, என்னயப் பாத்து, பைய கட்டி வச்சிக்கிச்சு. இது முடியாட்டி எத்தன பேரு இப்படியே பையக் கட்டிக்கிட்டு கெடக்கறது? அதான் குடுங்கன்னு வாங்கிட்டேன்."

"பிரித்துப் பார்த்தீங்களா?"

"ஒங்க பேரு போட்டிருக்குங்களே" என்றார்.

உறையைக் கிழிக்க எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. இப்படிப்பட்ட கடிதங்களைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். முடிவு எப்போதும் கடைசிப் பந்தியில் இருக்கும். மேலே உள்ளதெல்லாம் அதற்கான மன்னிப்பு.

கடைசிப் பந்தியில் நிபந்தனைகள் இருந்தன. இரண்டு மணல் வாளிகள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூடப் போகும் இடத்துக்கு எவரும் மணல் வாளி கேட்க மாட்டார்கள். அதற்கு முந்திய பந்தியில், நோயாளரின் உறவினர்கள் தங்குவதற்கும் சமைப்பதற்கும் வசதியுடைய வழிபாட்டு நிலையமாக இதைப் பதிவு செய்வதில் ஆட்சேபனை இல்லை என்று இருந்தது. 'பிரதான மதம்' என்ற இடத்தில் தட்டச்சில் போட்டிருந்த சிறு கோட்டின்மேல் பேனாவால் 'நான்கும்' என்று எழுதி, ஒருவர் சுருக்கொப்பம் வைத்திருந்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" புஷ்பராணியின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"இருக்கலாம்" என்றேன். "நீங்களும் இருக்கலாம், அந்தப் பிள்ளையும் இருக்கலாம். அடுப்பை மட்டும் ஜன்னல் பக்கம் நகர்த்தணும்."

அவர் அழவில்லை. தோளிலிருந்து பையை இறக்கினார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அறை மூலையில் அடுக்கினார். ஒரு சீப்பு, இரண்டு சேலை, சந்தனத்தின் சட்டை, ஒரு டம்ளர். வெறும் பையை உதறி ஆணியில் மாட்டினார்.

"அடுப்ப நகட்டிட்டு சோறு வச்சிருறேங்க. அந்தப் புள்ள காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல" என்று சொல்லிக்கொண்டே பின்னறைக்குப் போனார்.

வரும் கடிதங்களைப் பதிய மேசையில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறோம். என்னைத் தவிர எவரும் அதில் எழுதியதில்லை. பதிவு போடலாம் என்று திறந்தேன். ஏற்கெனவே போட்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற உருண்டையான எழுத்து. ஒரு கூட்டைக் கூட விடாமல் நிரப்பியிருந்தார். கடிதத்தின் தன்மை என்ற இடத்தில், 'தெரியாது. பிரிக்கவில்லை.' பெற்றவர் பெயர், சந்தனம் புஷ்பராணி. பதவி என்ற இடத்தில், 'தங்கியிருப்பவர்.'

பதில் கிடைத்த திகதி: பொங்கலுக்கு மறுநாள், வியாழக்கிழமை, காலை.